தர்மத்துக்கு என்று எழுதினால் போதுமா?

பெரியம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டு மர பீரோவைத் திறந்தோம். மடித்து வைத்த புடவைகளுக்கு அடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு. பால் கணக்கு, காஸ் சிலிண்டர் வந்த தேதி, வேலைக்காரம்மாவுக்குக் கொடுத்த முன்பணம் என்று பக்கம் பக்கமாக ஓடியது. நடுவில் ஒரு பக்கத்தில் மட்டும், கரும்பலகையில் எழுதிப் பழகிய அந்த உருண்டைக் கையெழுத்தில் ஒரே வரி: “என் காலத்துக்குப் பிறகு இந்த வீட்டைத் தர்மத்துக்குக் கொடுத்துவிடவும்.” கீழே கையெழுத்து, தேதி.

பெரியம்மா முப்பது வருடத்துக்கு மேல் ஆசிரியை. பெரியப்பா முன்பே தவறிவிட்டார். பிள்ளைகள் இல்லை. அந்த வீடு அவர் சம்பளத்தில், கடன் வாங்கி, தவணை கட்டி எழுப்பியது. வெளியூரிலிருந்து வந்து படிக்கிற ஏழைப் பெண் பிள்ளைகள் தங்குவதற்கு அது பயன்பட வேண்டும் என்று வாய்விட்டுப் பலமுறை சொல்லியிருக்கிறார். நோட்டை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போனோம். அவர் இரண்டு தடவை படித்தார். “அம்மா மனசு புரியுது. ஆனா இது உயில் ஆகாதே” என்றார்.

வீடு பெரியப்பாவின் தம்பி பிள்ளைகளுக்குப் போனது. அவர்கள் ஏமாற்றவில்லை, பறிக்கவில்லை. சட்டம் அவர்களுக்குக் கொடுத்தது, வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த ஒரு வரி ஏன் செல்லாமல் போனது, எப்படி எழுதியிருந்தால் செல்லும் என்று அன்றிலிருந்து தேடித் தேடித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கடலூரிலும் புதுச்சேரியிலும் இப்படிப் புடவைக்கடியில் கிடக்கும் நோட்டுகள் இன்னும் எத்தனையோ இருக்கும்.

முதலில், உயில் இல்லாவிட்டால் சொத்து யாருக்குப் போகும் என்பது. இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன், மகள், தாய் ஆகியோர் முதலில் சம பங்காக வருவார்கள் என்பது ஏறக்குறைய எல்லோருக்கும் தெரியும். இந்துப் பெண்ணுக்குக் கதை வேறு. 1956ஆம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டம், 15ஆவது பிரிவு: முதலில் பிள்ளைகளும் கணவரும். அவர்கள் இல்லையென்றால் கணவரின் வாரிசுகள். அவர்களும் இல்லாவிட்டால்தான் அவளைப் பெற்ற தாய் தகப்பன். பிறந்த வீட்டிலிருந்து வாரிசாக வந்த சொத்துக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு, அது தகப்பன் வழிக்கே திரும்பும். அவள் தன் உழைப்பில் சம்பாதித்த சொத்து, பிள்ளை இல்லாத விதவை என்றால், கணவர் வீட்டாருக்கே போகும். அவர்களோடு அவளுக்குப் பேச்சுவார்த்தை இருந்ததா இல்லையா என்று சட்டம் கேட்பதில்லை. சொந்தச் சம்பாத்தியம் உள்ள, குழந்தை இல்லாத பெண்கள்தான் மற்ற எவரையும்விட முதலில் உயில் எழுத வேண்டியவர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். எந்த வாரிசும் இல்லாதவர் சொத்து கடைசியில் அரசாங்கத்துக்குப் போய்விடும்.

சரி, அந்த நோட்டு வரி ஏன் செல்லவில்லை? முதல் குறை சாட்சி. 1925ஆம் வருடத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆவது பிரிவுப்படி, உயில் எழுதுபவர் கையெழுத்திட வேண்டும் அல்லது கைநாட்டு வைக்க வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள், அவர் கையெழுத்துப் போடுவதைப் பார்த்தோ, “இது நான் போட்ட கையெழுத்துதான்” என்று அவர் வாயால் சொல்லக் கேட்டோ, அவர் முன்னால் தங்கள் கையெழுத்தைப் போட வேண்டும். இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைத்தாள் போதும், தமிழில் எழுதினால் போதும், டைப் செய்தாலும் கையால் எழுதினாலும் சரி. இத்தனை எளிதான விதி. ஆனால் அந்த இரண்டு கையெழுத்து இல்லையென்றால் மிச்சமெல்லாம் வீண். எதிர்வீட்டு அம்மாவையும் மாடியில் குடியிருந்த பையனையும் கூப்பிட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை.

இதில் ஒரு பழைய சங்கதி உண்டு. கடலூர் போன்ற மொஃபசல் ஊர்களில், அதாவது தலைநகருக்கு வெளியே உள்ள ஊர்களில், இந்துக்கள் எழுதும் உயிலுக்கு இந்தச் சாட்சி விதி வந்தது 1927 ஜனவரி 1 முதல்தான். அதற்கு முன்னால் நம் பக்கத்தில் சென்னை நகரத்துக்கு மட்டும் 1870ஆம் வருடத்து இந்து உயில் சட்டம் வழியாக அந்த விதி இருந்தது. உயில் என்ற சொல்லே ஆங்கிலத்திலிருந்து நம் வாய்க்கு வந்து தமிழானதுதான். தாத்தா சாகும்போது வாயால் சொன்னார், அதன்படி நடந்தது என்று பழைய குடும்பங்களில் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் அது செல்லும். இன்று செல்லாது.

இரண்டாவது குறைதான் என்னை அதிகம் உலுக்கியது. அது ‘தர்மம்’ என்ற சொல். சாட்சிகள் இருந்திருந்தாலும் அந்த வரி நிற்பது சிரமம் என்றார் வக்கீல். பம்பாய்ப் பகுதியிலிருந்து, அன்றைக்கு நம் வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன ஒரு வழக்கில் இதே கேள்வி வந்தது. சொத்தைத் ‘தரம்’, அதாவது தர்மத்துக்கு என்று உயிலில் எழுதியிருந்தது. 1899இல் தீர்ப்பு: அந்தச் சொல்லுக்குப் பொருள் அகலமானது, கடமை, நெறி, புண்ணியம், சட்டம் எல்லாமே அதற்குள் அடங்கும், எதைச் செய்தால் உயில் நிறைவேறியதாகும் என்று ஒரு நீதிமன்றத்தால் சொல்ல முடியாது, ஆகவே செல்லாது. கேட்டபோது எனக்குக் கசந்தது. தமிழில் தர்மம் என்றால் என்னவென்று திண்ணையில் உட்கார்ந்திருக்கும் யாருக்கும் தெரியுமே என்று தோன்றியது. யோசித்துப் பார்த்தால் தெரியாதுதான். பெரியம்மாவுக்குத் தர்மம் என்றால் பெண் பிள்ளைகளின் படிப்பு. பெரியப்பாவின் தம்பி பிள்ளைகளுக்குக் கோயில் அன்னதானம். எனக்கு ஒரு வேளை ஆஸ்பத்திரி. யார் சொல்வதை நடத்துவது?

நம் ஊர்க் கல்வெட்டுகளை வெட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. கோயிலில் இரவும் பகலும் அணையாத ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டும் என்றால், சோழர் காலத்தில் “விளக்குக்குத் தர்மம்” என்று மொட்டையாக எழுதிவிடவில்லை. இத்தனை ஆடு என்று எண்ணி விட்டார்கள், பெரும்பாலும் தொண்ணூறு. ஆட்டை ஏற்றுக்கொண்ட இடையர் பெயர் எழுதப்பட்டது. நாள்தோறும் எந்த அளவையால் எவ்வளவு நெய் அளக்க வேண்டும் என்பது எழுதப்பட்டது. கிழட்டு ஆடு போனால் குட்டி அந்த இடத்துக்கு வரும், மந்தை குறையாது. அதனால் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். முதலைத் தொடாமல் வருமானத்தில் மட்டும் தர்மம் நடத்துவது என்று இன்று டிரஸ்ட் பத்திரத்தில் எழுதுகிறோமே, அதே ஏற்பாடு. காப்பாற்ற வேண்டியவர் யார் என்பதும் சொல்லப்பட்டது: “இது பன்மாகேஸ்வரர் ரக்ஷை”, அதாவது சிவனடியார்களின் பாதுகாப்பு. எவ்வளவு, எதற்கு, யார் கையில், யார் மேற்பார்வையில், எத்தனை காலம் என்ற எல்லாமே ஒரு கல்லில்.

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் பாகூர் இருக்கிறது. அங்கே கிடைத்த 9ஆம் நூற்றாண்டுச் செப்பேடு, பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தது. வித்யாஸ்தானம் என்ற கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடுத்ததைச் சொல்லும் ஏடு அது. மூன்று ஊர்களின் பெயரும் அதில் இருக்கிறது. இந்தப் பக்கம் வடலூரில் 1867இல் வள்ளலார் தருமசாலை தொடங்கியபோது பார்வதிபுரத்து மக்கள் எண்பது காணி நிலத்தைக் கொடுத்தார்கள். வாய்ச்சொல்லாக விடாமல் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். அந்த அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. மனம் நிறைந்த கொடைதான், ஆனால் அது நிலைப்பதற்கு எழுத்தும் துணை நின்றது.

எழுதி வைத்தும் தடுமாறிய கொடைக்கு நம் நாட்டில் பெரிய எடுத்துக்காட்டு பச்சையப்ப முதலியார். 1794இல் இறப்பதற்குச் சில நாள் முன்பு கோயில் பணிகளுக்கும் தர்மங்களுக்கும் என்று உயில் எழுதினார். பிறகு என்ன நடந்தது? பணம் கைமாறி, வழக்கில் மாட்டி, வருடக்கணக்கில் கிடந்தது. அந்நாளில் சென்னைக்கென்று இருந்த உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டாலும், அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் போன்றவர்களின் முயற்சியாலும்தான் மீண்டது. கோயில் காரியங்களுக்கு ஒதுக்கியது போக மிஞ்சிய பெருந்தொகை கல்விக்குத் திரும்பி, சென்னையில் பள்ளி திறந்தது 1842இல். நாற்பத்தெட்டு வருடம்! சிதம்பரத்துப் பச்சையப்பன் பள்ளி வழியாகப் போகும்போதெல்லாம் இந்தக் கணக்குதான் எனக்கு ஞாபகம் வரும். அவ்வளவு பெரிய சொத்து இல்லாமல் ஒரு சின்ன வீடாக இருந்தால், நாற்பத்தெட்டு வருடம் யார் போராடுவார்கள்?

ஆகவே நிறைவேற்றுபவர். உயிலை நடத்தி வைப்பவரை வக்கீல்கள் எக்ஸிகியூட்டர் என்பார்கள். பெரியம்மாவின் வரியில் மூன்றாவது குறை இதுதான்: “கொடுத்துவிடவும்” என்று யாரைப் பார்த்துச் சொன்னார்? தர்மத்துக்கு எழுதும் உயிலில் இது மிக முக்கியம். பிள்ளைக்கு எழுதினால் பிள்ளை தானே ஓடி வந்து கேட்பான். விடுதியோ மருத்துவமனையோ உங்கள் சாவுச் செய்தியே தெரியாமல் இருக்கும். நம்பிக்கையான, உங்களைவிட வயதில் இளைய ஒருவரை நியமித்து, அவரால் முடியாமல் போனால் இன்னார் என்று இரண்டாவது பெயரையும் எழுத வேண்டும். வீட்டை விற்கவும், கடன் தீர்க்கவும், பத்திரத்தில் கையெழுத்திடவும் அவருக்கு அதிகாரம் உண்டு என்று தெளிவாக எழுதினால் பின்னால் அலைச்சல் குறையும். முன்கூட்டியே அவரிடம் கேட்டுச் சம்மதம் வாங்கிவிடுங்கள். இது மரியாதை சம்பந்தப்பட்டது மட்டுமில்லை, சம்மதிக்காதவர் தலையில் கட்டினால் வேலை நடக்காது.

சாட்சிகளும் இளையவர்களாக இருப்பது நல்லது. பின்னால் வழக்கு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது, உயிரோடு இருக்கும்பட்சத்தில், கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும். பதிவு செய்த உயிலுக்கும் இதே விதிதான். உயிலால் பயன் அடைபவர் சாட்சியாக இருக்கக் கூடாது. கிறிஸ்தவர் உயிலில் சாட்சிக்கோ அவர் கணவன் மனைவிக்கோ எழுதியது செல்லாமலே போய்விடும். இந்துக்களுக்கு அந்த விதி இல்லை, ஆனாலும் சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும். அதேபோல ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்கும்போது அந்த நிறுவனத்து ஆளே உயிலை எழுதி, அந்த நிறுவனத்து ஆட்களே சாட்சி போட்டால், உறவுக்காரர்கள் முதலில் பிடிப்பது அதைத்தான். உயிலைச் சுற்றிச் சந்தேகம் இருந்தால் அதைத் தீர்க்க வேண்டியது உயிலைக் கொண்டு வருபவர் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 1958இலேயே சொல்லிவிட்டது. வயதானவர் எழுதும்போது அன்றைய தேதியில் ஒரு டாக்டர் சான்று வாங்கி வைப்பதும், ஏன் பிள்ளைகளுக்கோ உறவுக்கோ குறைத்தேன் என்று உயிலுக்குள்ளேயே இரண்டு வரி எழுதுவதும் பெரிய பாதுகாப்பு.

யாருக்கு என்பதை எப்படி எழுதுவது? “கடலூர் அனாதை இல்லத்துக்கு” என்றால் எந்த இல்லம்? நிறுவனத்தின் பதிவுப் பெயர், பதிவு எண், முகவரி மூன்றும் வேண்டும். ஊரில் நாம் அழைக்கும் பெயரும் பதிவேட்டில் உள்ள பெயரும் பல நேரம் வேறு வேறு. டிரஸ்டா சங்கமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நிறுவனம் என் காலத்துக்கு முன்பே மூடப்பட்டால், அல்லது ஏற்க மறுத்தால், இன்ன நிறுவனத்துக்கு, அதுவும் இல்லையென்றால் இதே நோக்கத்துக்காக இயங்கும் வேறு நிறுவனத்துக்கு என் நிறைவேற்றுபவர் தேர்ந்து கொடுக்கலாம் என்று ஒரு பத்தி சேர்க்க வேண்டும். இந்தப் பத்தியை நான் எத்தனை வலியுறுத்தினாலும் போதாது. நாம் எழுதும் நாளுக்கும் போகும் நாளுக்கும் நடுவில் இருபது வருடம் ஆகலாம். கடலூர் கடற்கரையே 2004 சுனாமிக்கு முன்னால் ஒரு மாதிரி, பின்னால் ஒரு மாதிரி. நிறுவனங்கள் மட்டும் அப்படியே இருக்குமா?

எதற்கு என்பதிலும் கவனம் வேண்டும். தன் சமாதியிலோ கணவர் சமாதியிலோ வருடா வருடம் குருபூஜை நடத்த வேண்டும் என்று சிலர் சொத்து எழுதி வைப்பார்கள். அப்படி ஒரு ஏற்பாடு உச்ச நீதிமன்றம் வரை போய், 1953இல் செல்லாது என்று தீர்ப்பானது. தனி மனிதர் சமாதிக்கு நிரந்தரமாகச் சொத்து எழுதுவதை அறக்கொடையாக ஏற்க முடியாது என்பது காரணம். அதே பணத்தில் அவர் பெயரால் மாணவர் உதவித்தொகை வைத்தால் தடையே இல்லை.

எவ்வளவு என்பதில் என் அபிப்பிராயம் ஒன்று உண்டு. தொகையாக எழுதாதீர்கள், பங்காக எழுதுங்கள். பழைய பள்ளிக்கூடங்களின் மண்டபத்தில் பரிசுப் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள்: இன்னார் நினைவாகக் கணக்கில் முதல் மதிப்பெண் பெறுபவருக்கு என்று. நான் படித்த பள்ளியிலும் ஒன்று உண்டு. மேடையேறி நான் வாங்கியது ஒரு பேனா. அந்த மூலதனம் போட்ட காலத்தில் அதன் வட்டியில் வருடப் புத்தகம் முழுக்க வாங்கலாமாம். “மிச்சமிருக்கும் ரொக்கத்தில், வைப்புத் தொகையில், பத்தில் ஒரு பங்கு” என்று எழுதினால் காலத்தோடு தொகையும் வளரும், குறைந்தால் எல்லோருக்கும் சேர்ந்து குறையும். ஈமச் செலவும் கடனும் முதலில் கழியும் என்பதால் மிச்சத்தில் பங்கு என்பதே நியாயமும்கூட.

வீட்டைக் கொடுப்பதானால் நிறுவனத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. வாடகைக்காரர் காலி செய்யாத வீடு, அண்ணன் தம்பியோடு பிரிக்காத பாகம், பட்டா பெயர் மாறாத மனை, இவையெல்லாம் கொடுப்பவருக்குச் சொத்து, வாங்குபவருக்குச் சுமை. விற்றுப் பணமாகக் கொடுக்க நிறைவேற்றுபவருக்கு அதிகாரம் தருவது பல நேரம் மேல். பூர்வீகச் சொத்தில் நம் பங்கை மட்டுமே எழுத முடியும். சுயார்ஜிதமானால், அதாவது சொந்தச் சம்பாத்தியமானால், முழுவதும் எழுதலாம். அதற்காக, உயிரோடு இருக்கும் மனைவியின் தலைக்கு மேல் உள்ள கூரையைத் தர்மத்துக்கு எழுதுவதை நான் தர்மமாக நினைக்கவில்லை. “என் மனைவி தன் ஆயுள் உள்ளவரை அனுபவித்து, அவர் காலத்துக்குப் பின் இன்ன இல்லத்துக்கு” என்று ஆயுட்கால உரிமை வைத்து எழுதலாம். இரண்டும் நிறைவேறும்.

இப்போதே கொடுத்துவிடலாமே, செட்டில்மெண்ட் எழுதலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எழுதலாம். ஆனால் பதிவு செய்துவிட்டால் திரும்ப வாங்குவது கடினம், முத்திரைத் தீர்வையும் உண்டு. உயிலை நினைத்தபோது மாற்றலாம், கிழித்துவிட்டு வேறு எழுதலாம், கடைசியாக எழுதியதே நிற்கும். முதுமையில் என்ன செலவு வரும் என்று தெரியாதவர்களுக்கு உயில்தான் பாதுகாப்பு. வரிக்காகச் செய்கிறீர்களா என்று கேட்டால், இங்கே அந்த லாபம் பெரிதாக இல்லை. சாவுக்குப் பின் சொத்தின் மேல் போட்ட எஸ்டேட் டியூட்டி 1985லேயே போய்விட்டது. இங்கே உயிலில் தர்மம் எழுதுபவர் மனதுக்காகவே எழுதுகிறார்.

சமயம் மாறினால் விதியும் மாறும். பரங்கிப்பேட்டையிலோ முத்தியால்பேட்டையிலோ உள்ள முஸ்லிம் குடும்பத்தவர் வஸிய்யத்தாக, அதாவது உயிலாக, எழுதக்கூடியது, கடனும் அடக்கச் செலவும் போக மூன்றில் ஒரு பங்குதான். அதற்கு மேல் என்றால் வாரிசுகளின் சம்மதம் வேண்டும். கிறிஸ்தவர்களுக்கு வெகுகாலம் ஒரு வினோதக் கட்டுப்பாடு இருந்தது. அண்ணன் தம்பி, அக்காள் தங்கை பிள்ளைகளோ அதைவிட நெருங்கிய உறவோ உள்ளவர், சாவதற்குப் பன்னிரண்டு மாதம் முன்பே உயில் எழுதி, அதை ஆறு மாதத்துக்குள் அரசுப் பாதுகாப்பில் வைத்திருந்தால்தான் தர்மத்துக்கோ சமயத்துக்கோ எழுதியது செல்லும். சாகும் படுக்கையில் பாதிரியார் எழுதி வாங்கிவிடுவார் என்ற பழைய ஆங்கிலேயப் பயத்திலிருந்து வந்த விதி. இங்கிலாந்தே கைவிட்ட பின்னும் நம் புத்தகத்தில் இருந்தது. கேரளத்துக் குருவானவர் ஜான் வள்ளமட்டம் போட்ட வழக்கில் 2003இல் உச்ச நீதிமன்றம் அந்த 118ஆவது பிரிவைச் சமத்துவத்துக்கு எதிரானது என்று நீக்கியது. இன்னும் சில பெரியவர்கள் “ஒரு வருஷம் இருந்தாத்தான் செல்லும்” என்று பயந்து எழுதாமல் இருக்கிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை.

புதுச்சேரியில் இன்னொரு அடுக்கு இருக்கிறது, இதை எல்லை தாண்டி இருக்கும் கடலூர் வக்கீல்களே சில சமயம் மறந்துவிடுவார்கள். 1881ஆம் வருடத்துப் பிரெஞ்சு ஆணைப்படி தங்கள் சமயச் சட்டத்தை விட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் ரெனோன்சான்கள். அவர்கள் வழித்தோன்றல்களுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தாது. பிரெஞ்சுச் சட்டத்தில் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய பங்கைத் தொட முடியாது. ஒரு பிள்ளை என்றால் சொத்தில் பாதியை, இரண்டு என்றால் மூன்றில் ஒன்றை, மூன்றோ அதற்கு மேலோ என்றால் நான்கில் ஒன்றை மட்டுமே விருப்பப்படி வெளியே எழுதலாம். சாட்சியே இல்லாமல் முழுக்கத் தன் கையால் எழுதித் தேதியும் கையெழுத்தும் இட்ட உயிலையும் அந்தச் சட்டம் ஏற்கும். பெரியம்மா ரெனோன்சான் குடும்பத்தில் பிறந்திருந்தால் அந்த நோட்டுப் பக்கம் வேறு கதையாகியிருக்குமோ என்று ஒரு நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே கடற்கரை, இருபது கிலோமீட்டர் தூரம், இரண்டு சட்டம். புதுச்சேரிக் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் ஊர் வழக்கம் குறுக்கே வரும் என்பதால், தன் குடும்பம் எந்தச் சட்டத்தில் வருகிறது என்று முதலில் கேட்டுத் தெளிவது நல்லது.

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்களுக்கு இன்னொன்று. அவர்கள் புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்திருந்தாலும், தொண்டு நிறுவனத்துக்குத் தரும் பணம் வெளிநாட்டு நன்கொடையாகவே கணக்கில் வரும். வெளிநாட்டு நன்கொடை பெற மத்திய உள்துறையின் பதிவு உள்ள நிறுவனம்தான் அதை வாங்க முடியும். 2020 திருத்தத்துக்குப் பின் அந்தப் பணம் டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கு வழியாகவே வர வேண்டும். பதிவு இல்லாத சின்ன இல்லத்தின் பெயரை எழுதிவிட்டால், பணம் கண்ணெதிரே இருந்தும் அவர்கள் தொட முடியாது.

நாமினி போட்டாயிற்றே, உயில் எதற்கு என்பது நான் அடிக்கடி கேட்கும் கேள்வி. வங்கிக் கணக்கிலோ ஷேரிலோ உள்ள நாமினி பணத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் பொறுப்பாளர்தான், உடைமையாளர் ஆகிவிடுவதில்லை. ஷேர் விஷயத்தில் 2023 டிசம்பரில்கூட உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது.

பதிவு கட்டாயமில்லை. ஆனால் நான் பதிவையே சொல்வேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் எப்போது வேண்டுமானாலும் பதியலாம், நாலு மாதக் கெடு உயிலுக்குக் கிடையாது. நடமாட முடியாதவருக்கு வீட்டுக்கே வந்து பதியவும் வழி உண்டு. உயில் தனிப் புத்தகத்தில் ஏறுவதால் வில்லங்கச் சான்றில் வராது. நீங்கள் உயிரோடு இருக்கும்வரை உங்களுக்கோ உங்கள் முகவருக்கோ தவிர யாருக்கும் நகல் தர மாட்டார்கள். அதைவிட ரகசியம் வேண்டுமானால், உயிலை உறையிலிட்டு அரக்கு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. நீங்கள் இறந்த பிறகு ஒருவர் மனு கொடுத்தால் அவர் முன்னிலையில் பிரித்து, புத்தகத்தில் நகல் எழுதிக்கொண்டு, மூலத்தை மீண்டும் பாதுகாப்பில் வைப்பார்கள். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் எங்கள் ஓட்டுக்கூரையைப் பிய்த்தபோது, டிரங்குப் பெட்டியில் இருந்த தாய்ப் பத்திரம் நனைந்து, பக்கம் பக்கமாக ஒட்டிக்கொண்டது. வெயிலில் உலர்த்தி, விசிறிமட்டையால் பிரித்தோம். அதைக் கண்டவள் பீரோவை நம்ப மாட்டாள்.

புரபேட், அதாவது உயில் உண்மையானது என்று கோர்ட்டில் சான்று வாங்குவது, பற்றியும் பயம் பரவலாக இருக்கிறது. இந்துக்கள் எழுதிய உயிலுக்கு அந்தக் கட்டாயம் சென்னை, மும்பை, கொல்கத்தா நகரங்களோடு சேர்ந்த விஷயமாகத்தான் இருந்தது. கடலூரில் எழுதிய, கடலூர்ச் சொத்துக்கான உயிலுக்கு அது தேவைப்பட்டதில்லை.

உடல் தானம், கண் தானம் இரண்டையும் உயிலில் எழுதாதீர்கள் என்று மட்டும் கெஞ்சிக் கேட்பேன். உயிலை எல்லோரும் காரியம் முடிந்துதான் பிரிக்கிறார்கள். கண்ணை ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். புதுச்சேரி ஜிப்மர் போன்ற மருத்துவக் கல்லூரிக்கு உடலைக் கொடுப்பதானால் முன்பே படிவம் நிரப்பி, வீட்டில் உள்ளவர்களிடம் வாய்விட்டுச் சொல்லி வையுங்கள்.

போன தைக்கு முன்னால் அம்மா தன் உயிலை எழுதினார். வீடு எனக்கும் தம்பிக்கும். வைப்புத் தொகையில் மிச்சமிருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு, பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு விடுதிக்கு. கூடத்தில் மேஜை போட்டு, தெருமுனை மருந்துக்கடைத் தம்பியும், மின்வாரியத்தில் வேலை பார்க்கும் எதிர்வீட்டுப் பெண்ணும் சாட்சியாக உட்கார்ந்தார்கள். டைப் செய்து வந்த தாளை அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். “பூரண சுயநினைவுடனும், யாருடைய தூண்டுதலும் இன்றியும்” என்ற இடத்தில் நிமிர்ந்து எல்லோரையும் ஒரு முறை பார்த்தார். மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டார். “மேற்படி விடுதி இல்லாத பட்சத்தில் வேறு தர்ம காரியங்களுக்கு” என்று டைப் ஆகியிருந்தது.

“இதை மாத்தணும்மா. பெண் பிள்ளைங்க படிப்புக்குன்னு போடச் சொல்லு” என்றார்.

புதிய தாள் வர ஒரு மணி நேரம் ஆனது. சாட்சிகள் இரண்டு பேரும் காபி குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் அம்மா கையெழுத்துப் போட்டார், கடைசிப் பக்கத்தில் அவர்கள் அம்மாவின் கண் முன்னால் போட்டார்கள். அவர்கள் போன பிறகும் அம்மா பேனாவை மூடாமல் கையில் வைத்தபடியே இருந்தார்.

“நோட்டுல எழுதி வச்சா ஆகாதுன்னு உங்க பெரியம்மாகிட்ட ஒருத்தரும் சொல்லலையே” என்றார்.